சுமைதாங்கி: பேறுகால இடரிலும் இழப்பிலும் இல்லத்தார் கடமை

பழந்தமிழ் ஊர்களின் வழியோரங்களிலே சுமைதாங்கி என்னும் கல்லமைப்பைக் கண்டிருப்பீர்கள். இரு கற்கள் நிமிர்ந்து நிற்க, அவற்றின்மேல் ஒரு கல் குறுக்காகக் கிடக்கும். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றியே சுமையை அதன்மேல் இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிச் செல்லத்தக்க உயரத்தில் அஃது அமைந்திருக்கும். யாழ்ப்பாணத்துத் தெருக்களிலும் தமிழகத்துச் சாலைகளிலும் இன்றும் சில எஞ்சி நிற்கின்றன. ஆயினும், அவை எதன்பொருட்டு நாட்டப்பட்டன என்பதை இன்றைய இளைஞருட் பலர் அறியார். வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவளுடைய சுற்றத்தார் நாட்டிய கல் அது. தன் சுமையை இறக்காமலே மாண்டவள் பொருட்டு, வழிச்செல்வோர் தம் சுமையை இறக்க ஓர் இடம் செய்து வைப்பது நம் முன்னோர் கண்ட அறம்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே சுமைக்குக் குறைவில்லை. நெற்றியிலே கூடைக்கயிறும், முதுகிலே கொழுந்துக்கூடையும், இடுப்பிலே படங்குமாக நம் பெண்கள் மலையேறி இறங்குகின்றனர். அவருள் வாயும் வயிறுமாக இருப்போரும் உளர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஆசிரியத்தொழில் புரிந்துவரும் யான், சுமைதாங்கிக் கல் ஒன்றனையும் இம்மலைகளிற் கண்டேனல்லேன். கல் நாட்டுவதைக் காட்டினும் சிறந்த அறம் ஒன்று உண்டு. சுமை சுமப்பவள் உயிரோடு இருக்கும்போதே அவளுடைய இல்லத்தார் அவளுக்குச் சுமைதாங்கியாக நிற்பதே அது. அவ்வாறு நிற்பது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கல்லூரியின் பழைய மாணவர் வெளியிடும் விழா மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பிள்ளைப்பேறு பெண்கள் காரியமன்றோ என்பது அவர் எண்ணம். அவர்க்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்வேன்.

மூன்று கணவன்மார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே, தென்னார்க்காட்டுத் திண்டிவனத்தில், அமெரிக்க மருத்துவர் ஒருவரின் மகளாகிய ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண் தன் பெற்றோரோடு தங்கியிருந்தாள். ஓர் இரவிலே மூவர், ஒருவர்பின் ஒருவராக, அவள் கதவைத் தட்டினர். அவருள் ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்குலத்து இந்து. மூவரின் மனைவியரும் பேற்று நோவால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் பெண்ணொருத்தியின் உதவியையே வேண்டினர். 'யான் மருத்துவம் அறியேன். என் தந்தை வருவார்' என்றாள் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியரைத் தொடுதலை மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவத் தொழிலை வெறுத்திருந்த அப்பெண், அவ்விரவே தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டாள். அமெரிக்கா சென்று, 1899ஆம் ஆண்டில் மருத்துவப்பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு மீண்டு, ஒற்றைக் கட்டிலோடு ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினாள். அதுவே இன்று உலகறிந்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகும்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஐடா அம்மையாரின் தொண்டினைப் போற்றி அமைவர். யானோ அம்மூன்று கணவன்மாரை நினைக்கின்றேன். அவர்கள் கொடியவர் அல்லர். மனைவியர்மீது அன்பில்லாதவராயின் நள்ளிரவில் அந்நியர் கதவைத் தட்டியிரார். அன்பு இருந்தது, ஆயினும் முடிவு செய்யும் அறிவு அவ்வேளையில் உதவவில்லை. பேறு பெண்ணுக்கு உரியது. பேற்றுக்காலத்து முடிவோ இன்றும் பெரும்பாலும் ஆடவர் கையிலேயே உள்ளது. வண்டி பிடிப்பதும், பணம் புரட்டுவதும், 'இப்போதே போவோம்' என்பதும், 'காலையிற் பார்ப்போம்' என்பதும் கணவன், தந்தை, தமையன் என்போரின் சொற்களே. ஆதலின், இப்பொருள் ஆடவர் மலரிற்றான் முதலில் எழுதப்படவேண்டும்.

இடர்மிகு சூல் என்பது யாது?

சூல்கொள்ளுதல் நோயன்று. எனினும், சில பெண்களுக்குச் சூற்காலம் ஏனையோர்க்கு உள்ளதினும் மிகுந்த இடர் உடையதாகின்றது. முன்னர்க் குருதியமுக்கம் உயர்ந்தவர், நீரிழிவு உடையவர், இருதயநோய் உடையவர், குருதிச்சோகையால் வெளிறியவர், இரட்டைப்பிள்ளை சுமப்பவர், முன்பு அறுவைச் சிகிச்சையாற் பிள்ளை பெற்றவர், முன்பு குறைப்பிரசவமோ பிள்ளையிழப்போ கண்டவர், மிக இளையவர், முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் ஆகியோர் அவ்வகையினர். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயிலை மறைத்துக் கிடத்தலும் பேரிடர் தருவது. நோவின்றிக் குருதி போதல் அதன் அறிகுறி.

இவற்றுள் ஒன்று இருப்பதனாலேயே கேடு வந்துவிடும் என்பதில்லை. 'இவளை இருமடங்கு கவனித்தல் வேண்டும்' என்பதே அச்சொல்லின் பொருள். மருத்துவமாது சூலட்டையிலே சிவப்பு மையாற் குறித்துவைப்பது அச்சுறுத்துவதற்கன்று. வீட்டாரை விழித்திருக்கச் செய்வதற்கேயாம்.

மேற்சொன்னவற்றுள் குருதியமுக்கத்தால் வரும் கேட்டைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அது ஓசையின்றி வருவது. கேடு நேரும்வரை வீட்டார் கண்ணுக்குப் புலப்படாதது.

பிள்ளைக்கு வேண்டிய உணவும் உயிர்வளியும் தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் செல்கின்றன. சூலின் முற்பகுதியிலே, கருப்பையிலுள்ள சிறு நாடிகள் விரிந்து, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாகக் குருதி பாய வழிசெய்தல் இயல்பு. சிலரிடத்து அந்நாடிகள் போதிய அளவு விரிவதில்லை. தோட்டத்துப் பீலியின் குழாய் ஒடுங்கியிருந்தால் குடம் நிறையாதன்றோ? அதுபோல நஞ்சுக்கொடி பட்டினி கிடக்கின்றது. பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் குருதியிற் கலக்கவிடுகின்றது. அவை அவள் உடலெங்கும் உள்ள குருதிக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. குருதியமுக்கம் ஏறுகின்றது, சிறுநீரகத்தின் வழியே புரதம் ஒழுகுகின்றது, முகமும் கையும் வீங்குகின்றன. இது பெரும்பாலும் இருபது வாரங்களுக்குப் பின்னரே தோன்றும். 140க்கு 90 என்னும் அளவை எட்டினால் எச்சரிக்கை. 160க்கு 110ஐ எட்டினால் பேராபத்து. முற்றினால் வலிப்பு உண்டாகித் தாயும் சேயும் ஒருங்கே மடிதல் கூடும். அவ்வலிப்பைச் சன்னி என்றும், பேயின் சேட்டை என்றும் எண்ணி வேப்பிலை தேடிய காலம் ஒன்று இருந்தது.

இந்நோய்க்கு முற்றான தீர்வு பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளிப்படுதலேயாம். அதுவரை தாயைக் காக்க மருந்துகள் உள. மக்னீசியம் சல்பேற்று என்னும் எளிய உப்பு, வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கின்றது என்பது 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடத்து நிகழ்த்தப்பட்ட ஆராய்ச்சியால் 2002ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. இடர் மிகுந்தோர்க்குச் சூலின் தொடக்கத்திலேயே சிறிதளவு அஸ்பிரின் கொடுப்பதும் வழக்கமாகியுள்ளது. ஆனால் அதை வைத்தியர் விதித்தாலன்றித் தாமாக உண்ணலாகாது. மருந்து உண்டு; வைத்தியசாலையும் உண்டு. அவற்றுக்கும் நோயாளிக்கும் இடையே கிடப்பது நம்முடைய தாமதம்.

என் வீட்டில் நிகழ்ந்தது

இதனைப் பிறர்க்கு உரைக்கும் தகுதி எனக்கு உண்டோ என்று பலகாலும் எண்ணியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டமொன்றில் வாழும் என் இளைய சகோதரி இரண்டாம் முறை சூல்கொண்டிருந்தாள். முதற்பேற்றிலேயே அவளுக்குக் குருதியமுக்கம் உயர்ந்ததுண்டு. ஆதலின் அவளுடைய அட்டையில் சிவப்புக்குறி இருந்தது. அது எழுமாதம் கடந்த பருவம். விடுமுறைக்காக யான் அவள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். சனிக்கிழமை மாலை தலைவலிக்கின்றது என்றாள். மலைக்குளிரில் தலைவலி யாருக்குத்தான் இல்லை என்று கூறி, கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னேன். முகம் சற்று ஊதியிருந்ததையும் கண்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் இயல்புதானே என்று அமைந்தேன். திங்கட்கிழமை கிளினிக் நாள்; அன்று காட்டலாம் என்று முடிவு செய்தவன் யானே. அவளுடைய கணவர், 'மாஸ்டர் மச்சான் சொன்னாற் சரி' என்று என் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். அட்டையோ சுவரில் மாட்டியிருந்த பையிற் கிடந்தது. நூற்றுக்கணக்கான மாணாக்கரின் விடைத்தாள்களைப் படித்த கண்கள் அந்த ஓர் அட்டையைப் படிக்கவில்லை.

நள்ளிரவுக்குப்பின் கண் மங்குகின்றது என்றாள். மேல்வயிறு பிளப்பதுபோல் நோகின்றது என்றாள். லயத்திலிருந்து வண்டி நிற்கும் தெருவரைக்கும் படிக்கட்டு வழி. நாற்காலியில் அமர்த்தி, நால்வராகச் சுமந்து இறக்கினோம். மூடுபனியில் முச்சக்கர வண்டி ஊர்ந்து வைத்தியசாலையை அடையும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளையின் இருதய ஒலி கேட்கவில்லை.

பெண்பிள்ளை. தாய்க்குக் காட்டவா என்று தாதி வினவினாள். பெரியவர்கள் என்னும் உரிமையில், 'வேண்டாம். கண்டால் தாங்கமாட்டாள்' என்று நாங்களே விடை கூறிவிட்டோம். அவளை எவரும் கேட்கவில்லை. துணியிற் சுற்றிய அச்சிறு உடலை அவளுடைய கணவரும் யானும் தோட்டத்து இடுகாட்டிற் புதைத்து மீண்டோம். மூன்றுவாரம் கழிந்த ஒருநாள், அடுப்படியில் இருந்தவாறே அவள் என்னைக் கேட்டாள்: 'அண்ணே, முகம் யாரு மாதிரி இருந்துச்சு?' யான் விடை கூறவில்லை. துணியை விலக்கிப் பார்க்கும் துணிவு எனக்கும் இருந்ததில்லை.

இத்தவற்றினை யான் வெளியிடுவது இரக்கம் வேண்டியன்று. தாமதம் என்பது அன்பில்லாத வீட்டிலே மட்டும் நிகழ்வது என்று எவரும் எண்ணாதிருத்தற் பொருட்டேயாம்.

மூவகைத் தாமதம்

தாடியஸ், மெய்ன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், பேறுகால மரணங்களுக்குக் காரணமான தாமதத்தை மூன்றாக வகுத்தனர். உதவி தேட வேண்டும் என்று முடிவு செய்வதில் தாமதம். வைத்தியசாலையை அடைவதில் தாமதம். அடைந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது அரசினரும் வைத்தியரும் நீக்கவேண்டியது. இரண்டாவதில் அவர்க்கும் நமக்கும் பங்குண்டு. முதலாவது முழுதும் நம்முடையது. என் வீட்டில் நிகழ்ந்தது முதலாவது.

மலைநாட்டில் இரண்டாவது தாமதத்துக்கு நெடிய வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டங்கள் 1872ஆம் ஆண்டு முதலே இயற்றப்பட்டன. 1912இல் அவை விரிவாக்கப்பட்டபோது, தோட்டத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒருமாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும் என்னும் கடமையும் சேர்ந்தது. எனினும், வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே நெடுங்காலம் இருந்தது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டு, மருத்துவமாதர் வீடுதோறும் சென்று சூலுற்றோரைக் கவனிக்கும் முறை நாட்டின் கிராமங்களிற் பரவியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டமக்களை அவ்வொளி மிகப் பிந்தியே எட்டியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களிலேதான் தொடங்கிற்று.

இலங்கையில் 1930களிலே, பிறப்பு நூறாயிரத்துக்கு இரண்டாயிரம் தாய்மார் வரையில் மாண்ட காலம் இருந்தது. 2010 முதல் 2019 வரையான ஆண்டுகளில் அத்தொகை நாற்பதைத் தாண்டவில்லை. ஆசியாவில் வியந்து பேசப்படும் சாதனை இது. அதனை நிகழ்த்தியவர் பேராசிரியர் மட்டுமல்லர். காற்செருப்புத் தேய மலைவழியும் வயல்வழியும் நடந்த மருத்துவமாதருமாவர். இன்று மலைநாட்டிலும் வசதிகள் வளர்ந்துள்ளன. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய சுவசெரிய என்னும் நோயாளர் வண்டிச் சேவை பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி வருவது. வழி குறுகியுள்ளது. முதலடி எடுத்துவைக்க வேண்டியவர் நாமே.

பேற்றுக்கு முன் செய்யத்தக்கன

முதலாவதாக, கணவனோ தமையனோ ஒருவர் சூலட்டையைப் படித்தறிதல் வேண்டும். அதிற் காணும் குருதியமுக்கம், குருதியின் அளவு, நிறை, அடுத்த கிளினிக் நாள் ஆகியவை வீட்டிலுள்ள எழுத்தறிந்தார் எவர்க்கும் விளங்குவனவே. விளங்காதவிடத்து மருத்துவமாதை வினவுக. வினவுவாரை அவர் வெறுப்பதில்லை.

இரண்டாவதாக, ஆபத்தின் அறிகுறிகளை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், குருதிப்போக்கு, நீர்க்குடம் உடைதல், காய்ச்சல், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் அந்நேரமே புறப்படவேண்டும். கிளினிக் நாளை எதிர்பார்த்திருத்தல் ஆகாது. பிள்ளையின் அசைவைத் தாயே அறிவாள். 'இன்று அசைவு குறைவாயிருக்கின்றது' என்று அவள் சொன்னால், அச்சொல்லைச் சோதனைக் கருவியின் சொல்லாக மதித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, வழியை முன்னரே ஒழுங்குசெய்தல் வேண்டும். இரவில் எவர் வண்டி வரும், அவர் தொலைபேசி எண் யாது, லயத்திலிருந்து தெருவரை எவர் சுமப்பர், மூத்த பிள்ளையை எவர் பார்ப்பர், மாற்றுடையும் அட்டையும் எப்பையில் உள்ளன என்பவற்றை எழுமாதத்துக்குள் முடிவுசெய்துவிடுக. திருமணத்துக்கு மூன்று திங்கள் முன்னரே பந்தலுக்கு ஆள் பேசும் நாம், பேற்றுக்கு முன் வண்டிக்கு ஆள் பேசாதிருப்பது வியப்பே.

நான்காவதாக, அவள் சுமையைக் குறைத்தல் வேண்டும். பீலித் தண்ணீரைக் கணவன் சுமந்தால் அவன் ஆண்மை குறைந்துவிடாது. கொழுந்துமலையிலிருந்து இலேசான வேலைக்கு மாற்றித்தரும்படி கணக்கப்பிள்ளையிடமோ துரையிடமோ சென்று கேட்பதும் கணவன் கடமையே. அரைப்பேருக்கு அஞ்சி மலைக்குப் போகும் பெண்ணிடம், 'ஓய்வெடு' என்று வாயாற் சொல்வதிற் பயனில்லை. அந்த அரைப்பேரின் குறையை வீட்டார் ஈடுசெய்தல் வேண்டும். திரிபோஷாப் பொதி அவளுக்கென்று தரப்படுவது. அது வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் பகிரப்பட்டு அவளுக்குக் கடைசிப் பிடியே எஞ்சுதல் நம் வீடுகளில் நிகழ்வதொன்று.

இறைவழிபாட்டை யான் மறுக்கின்றேனல்லேன். திருக்கருகாவூரில் அம்பிகை கருக்காத்த நாயகியாக எழுந்தருளியிருப்பதை அறியாதவர் நம்மில் இலர். நேர்த்தி வைப்பதும் கிளினிக்குச் செல்வதும் ஒன்றற்கொன்று பகையல்ல. காப்பு நூலைக் கட்டிய கைக்கே குருதியமுக்கக் கருவியின் பட்டியும் கட்டப்படட்டும்.

இழப்பு நேர்ந்தபின்

எல்லாம் செய்தும் இழப்பு நேர்வதுண்டு. 28 வாரங்களுக்குப்பின் உயிரின்றிப் பிறக்கும் பிள்ளைகள் உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் என்பது ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் 2021 அளவிற் கணக்கிட்ட தொகை. ஆயினும் அத்தாயின் துயருக்குப் பெயரில்லை. கணவனை இழந்தவளைக் குறிக்கச் சொல் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளையைக் குறிக்கவும் சொல் உண்டு. பிள்ளையை இழந்த தாய்க்கெனத் தனிச்சொல் ஒன்றை நாம் வழங்குவதில்லை. முதியோர் இறந்தால் தப்பு முழங்கும் தோட்டத்திலே, உயிரின்றிப் பிறந்த பிள்ளைக்கு ஒப்பாரியும் இல்லை.

நம் முன்னோர் இதனை இவ்வாறு கருதினரல்லர். புறநானூற்றின் 74ஆம் பாட்டு, சோழனிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்காலிரும்பொறை பாடியது. பிள்ளை இறந்து பிறந்தாலும், உருவற்ற தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், அதுவும் ஓர் ஆளே எனக் கருதி வாளாற் கீறி அடக்கம் செய்யும் மறக்குடி வழக்கத்தை அவன் அதிற் குறிப்பிடுகின்றான். வகுப்பிலே இப்பாட்டை மானத்துக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கற்பித்துள்ளேன். என் சகோதரி வினவிய அந்நாளின் பின்னரே, அதனுள் வேறொரு செய்தியும் இருப்பது எனக்குப் புலப்பட்டது. ஒரு மூச்சும் விடாத பிள்ளையையும் ஓர் ஆள் என்று எண்ணிக் கணக்கில் வைத்தனர் அக்காலத்தார். வாட்கீறல் நமக்கு வேண்டா. அந்த எண்ணம் வேண்டும்.

ஆதலின் இல்லத்தார் அறியவேண்டியவை இவை.

பிள்ளையைக் காண்பதா, ஏந்துவதா என்பதைத் தாயிடமும் தந்தையிடமும் கேட்டறிக. வற்புறுத்தலும் ஆகாது, தடுத்தலும் ஆகாது. அவர்க்குரிய முடிவை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. அன்று காண இயலாதென்றால், காண்பவர் ஒருவர் நன்றாகக் கண்டு வைத்துக்கொள்க. பின்னொருநாள் வினவப்படும்போது விடை வேண்டும்.

பிள்ளை இல்லையென்று தாயின் உடல் அறியாது. சில நாட்களில் பால் சுரக்கும். இதனை முன்னரே மென்மையாகச் சொல்லிவைத்தல் வேண்டும். என் சகோதரிக்கு எவரும் சொல்லவில்லை. அதுவே இரண்டாம் இடியாயிற்று. மார்பு கட்டி நொந்தாலும், காய்ச்சல் கண்டாலும் வைத்தியரை நாடுக. குருதியமுக்கம் பேற்றுக்குப் பின்னும் சில வாரங்கள் உயர்ந்திருக்கக்கூடும். வலிப்பும் அப்போது நேரலாம். கையிற் பிள்ளை இல்லாதபோது கிளினிக் எதற்கு என்று பல பெண்கள் செல்லாது விடுகின்றனர். இது பெருந்தவறு. மருத்துவமாதின் வருகையும் வைத்தியர் பரிசோதனையும் தாய்க்கும் உரியவை. பிள்ளைக்கு மட்டும் உரியவை அல்ல.

சட்டமும் அவளை முற்றாகக் கைவிடவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி, உயிருள்ள பிள்ளை பிறவாதவிடத்தும் 42 நாள் விடுமுறைக்கும் அதற்குரிய நன்மைக்கும் அவள் உரியவள். உயிர்ப்பிறப்புக்கு 84 நாள் என்பதைப் பலர் அறிவர். இதனை அறிவார் சிலரே. கணவனே தோட்டக் காரியாலயத்துக்குச் சென்று வேண்டிய தாள்களைக் கொடுத்து இவ்வுரிமையைப் பெற்றுத்தருதல் வேண்டும். வெறுங்கையோடு வந்தவளை மறுவாரமே பிரட்டில் நிற்கவைத்தல் அறமன்று.

சொல்லத்தகாத சொற்கள் சில உள. 'போனது போகட்டும், இன்னொன்று பிறக்கும்' என்பர். இழந்தது அந்தப் பிள்ளையையே அன்றி எண்ணிக்கையை அன்று. 'எல்லாம் விதி' என்பர். விதியை அவள் அறியாதவளல்லள். 'நீ கூடையைத் தூக்கினாய், அதனாற்றான்' என்பர். இச்சொல் ஒன்றே ஒரு பெண்ணை வாழ்நாள் முழுதும் வருத்தப் போதுமானது. பழி தேடும் மனம் எப்போதும் தாயையே முதலிற் காண்கின்றது. சொல்லத்தக்கது என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அருகில் இருத்தல், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தல், தண்ணீர் கொண்டுவருதல், அவள் பேசினாற் கேட்டல் என்பனவே போதும். எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவமாது, குருதியமுக்கம் பார்த்து முடிந்ததும், 'பிள்ளைக்கு என்ன பேர் வைக்க இருந்தீங்க?' என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம். என் சகோதரி அப்பெயரைச் சொன்னாள், அழுதாள், அன்றிரவு உறங்கினாள். அம்மருத்துவமாது தமிழ்ப்பாட்டு ஒன்றும் கற்றவளல்லள். எனினும் கணைக்காலிரும்பொறையின் கருத்தை என்னினும் நன்றாக அறிந்திருந்தாள்.

தந்தையையும் மறத்தலாகாது. ஆடவன் அழலாகாது என்னும் கட்டளையால் அவன் துயரம் சாராயக் கடையை நோக்கித் திரும்புதல் நாம் காணாததன்று. அவனோடு ஒருவர் நடந்து செல்லுதல் வேண்டும். மூத்த குழந்தைகளுக்கும் உண்மையை அவர்க்கேற்ற சொல்லிற் கூறுக. 'தம்பி தூங்குகின்றான்' என்றால் அக்குழந்தை தூங்குவதற்கே அஞ்சும். துயரம் வாரக்கணக்கில் குறையாது, தாய் உண்ணாமலும் உறங்காமலும் தன்னை வெறுத்தும் இருப்பாளாயின், அது நோயின் அறிகுறி; வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணை அழைத்தும் வழி கேட்கலாம்.

அடுத்த சூலுக்கு விரையவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. உடல் தேறியபின், வைத்தியரின் கருத்தறிந்து, சூலுற்ற முதல் வாரங்களிலேயே முந்திய இழப்பைக் கூறிப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். முன்னர் இழந்தவருட் பெரும்பாலார் பின்னர் நற்பிள்ளை பெறுகின்றனர்.

முடிவுரை

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளிய இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப்பெண்ணின் பேற்றுக்குத் துணையாக அவள் தாய் புறப்பட்டாள். காவிரி பெருக்கெடுத்து வழிமறித்தது. அதுகண்டு இறைவனே அத்தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தான் என்பது தலபுராணம். சிறுவயதில் இதனைக் கேட்டபோது இறைவனின் பெருமையாகவே எனக்குத் தோன்றிற்று. இப்போது நினைக்குந்தோறும், ஆண்வடிவினனான அவன், 'இது பெண்கள் காரியம்' என்று சொல்லி வாயிலில் நின்றுவிடவில்லை என்பதே முன்வந்து நிற்கின்றது. வெள்ளம் வடியட்டும், திங்கட்கிழமை பார்ப்போம் என்றும் அவன் இருக்கவில்லை. வேண்டிய நேரத்தில் வந்து நின்றான்.

விழாக் கொண்டாடும் நம் கல்லூரி நமக்கு எழுத்தறிவித்தது. அவ்வெழுத்தறிவினால் நாம் படித்த நூல்கள் பல. நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்று சூலுற்றவள் ஒருத்தி இருப்பின், இம்மலரை மூடிவைத்து, சுவரில் மாட்டியிருக்கும் பையிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்து ஒருமுறை படியுங்கள். பிள்ளையை இழந்தவள் ஒருத்தி இருப்பின், அப்பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.